விறாந்தையில் ஊற்றிக் கொடுத்த வைன்

இயேசு மரி சூசை

அலுவிகாரை, மாத்தளை
12.02.1986

தில்லையம்பலம் சேர் அவர்களுக்கு,

மார்ஜரி எழுதுகிறேன். பெயரைப் பார்த்ததும் மடித்து வைத்துவிடாமல் கடைசிவரை வாசியுங்கள்.

உங்கள் விலாசத்தை நீங்கள் எனக்குத் தரவில்லை. இரண்டரை வருடமாக ஒரு வரியும் இல்லை. இந்த விலாசத்தைப் பாலேஸ்வரியின் கடிதத்திலிருந்துதான் எடுத்தேன். ஆம், ஞானசுந்தரம் சேருடைய மனைவிதான். ஒரே ஒழுங்கையில் ஒன்பது வருடம் இருந்தும் என் வீட்டுப் படி ஏறாத பெண் இப்போது எனக்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறார். அதில் ஒரு பகுதியை அப்படியே எழுதுகிறேன்:

"ரீச்சர், எண்பத்துமூண்டு ஆடிக் கலவரத்திலை அந்தச் செவ்வாய்க்கிழமை இவரைக் கடைசியாய்க் கண்டது ஆர் எண்டு எனக்குத் தெரிய வேணும். முத்தலிப் நானா தன்ரை வானுக்குள்ளை என்னையும் பிள்ளையளையும் ஏத்தினபோது, 'தில்லை அண்ணையைக் கூட்டிக்கொண்டு பின்னாலை வாறன், நீங்கள் போங்கோ' எண்டு சொல்லிப்போட்டு இவர் நிண்டவர். ஆனால் தில்லையம்பலம் அண்ணை அண்டைக்குத் தம்புள்ளைக்குக் கந்தோர் அலுவலாய்ப் போயிருந்தவராம். வீடு பூட்டிக் கிடந்ததைப் பாத்திட்டு இவர் அப்பிடியே எங்கையாவது ஓடித் தப்பியிருப்பார் எண்டு அண்ணை சொல்லுறார். வவுனியாவிலை கண்டதாய் ஒராள் சொன்னார். மண்டபம் முகாமிலை கண்டதாய் இன்னொராள். நான் இன்னும் பொட்டு வைக்கிறன், ரீச்சர். வைக்கிறது சரியோ பிழையோ எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லை."

தம்புள்ளை என்ற சொல்லில் நான் நின்றுவிட்டேன். சேர், அன்று காலை பத்து மணியிலிருந்து நீங்கள் என் பின் அறையில், வைன் ஜாடிகளுக்குப் பின்னால் இருந்தீர்கள்.

நான் அவருக்கு என்ன பதில் எழுத? நீங்கள் சொன்னதையா, நான் அறிந்ததையா?

மாதத்தின் மூன்றாம் சனிக்கிழமைகளில் என் வீட்டில் வைன் ருசி பார்த்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். என் கணவர் இராயப்பன் எல்கடுவயில் டீமேக்கராக இருந்தவர். தேயிலைச் சாயத்தைக் கரண்டியில் எடுத்து உறிஞ்சி, நாக்கில் புரட்டி, துப்பிவிட்டுத் தரம் சொல்லுகிற பழக்கத்தை அவர்தான் வைனுக்கும் கொண்டு வந்தார். அவர் இறந்த பிறகும் நீங்களும் ஞானசுந்தரம் சேரும் நானும் அந்த வழக்கத்தை விடவில்லை. போத்தல்களுக்குக் கடதாசி சுற்றி இலக்கம் போடுவேன். முதலில் சும்மா வைன், அதாவது ஆறு கிழமை வயதான அன்னாசி, ஜம்பு, இஞ்சி. பிறகு ஒரு துண்டுப் பாண், ஒரு மிடறு தண்ணீர். அதற்குப் பிறகுதான் பழசு, நீங்கள் ஊரிலிருந்து கூடையில் கொண்டுவரும் திராட்சையில் நான் போட்டு வருடக்கணக்காக வைத்திருந்தவை; போட்ட வருடம்தான் அவற்றின் பெயர். நீங்கள் ஒரு தடவையும் பிழையாகச் சொன்னதில்லை. ஞானசுந்தரம் சேர் ஒரு தடவையும் சரியாகச் சொன்னதில்லை. அன்னாசியைக் குடித்துவிட்டு, "இதுதான் எழுபத்துநாலு, என்ரை பிள்ளையளாணை" என்று சத்தியம் செய்வார்.

அந்த மனிதர் எங்கோ உயிரோடு இருக்கிறார் என்று அவருடைய மனைவி நம்பிக்கொண்டிருக்கிறார். பதில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
மார்ஜரி இராயப்பன்

*

சிவமயம்

நீர்வேலி
04.03.1986

மார்ஜரி ரீச்சர் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. வழியில் யாரோ பிரித்து மீண்டும் ஒட்டியிருந்தார்கள். ஆகவே இனி எழுதும்போது அவதானமாக எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

பாலேஸ்வரி கோப்பாயில் தம்பி வீட்டில் இருக்கிறார். இரண்டு பெண்பிள்ளைகளும் படிக்கிறார்கள். காணாமற்போனவர் பற்றிய விண்ணப்பம், கோப்பு என்று எழுத்து வேலைகள் எல்லாவற்றையும் நான்தான் பார்த்துக் கொடுக்கிறேன். கிழமையில் இரண்டு நாள் சைக்கிளில் போய் வருவேன். அவர் என்னை அண்ணை என்று கூப்பிடுகிறார். பிள்ளைகள் பெரியப்பா என்கிறார்கள்.

அவருக்கு நீங்கள் ஒன்றும் தெரியாது என்றே எழுதுங்கள். அன்று கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்ததாகவும் எவரையும் காணவில்லை என்றும் எழுதினால் போதும். அதில் பொய் அதிகம் இல்லை. நடந்ததை அறிந்து அவர் அடையப்போகும் நன்மை எதுவும் எனக்குத் தெரியவில்லை. நம்பிக்கையில் ஒரு பெண் பிள்ளைகளை வளர்க்கிறார் என்றால் அதை ஏன் பறிக்க வேண்டும்?

தங்கள் சுகத்துக்கு இறைவனை வேண்டுகிறேன்.

இ. தில்லையம்பலம்

*

இயேசு மரி சூசை

அலுவிகாரை
24.03.1986
பெரிய கிழமை, திங்கள்

தில்லையம்பலம் சேர் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை அரசாங்கக் கச்சேரியில் இருந்து வந்த கடிதத்தைப் போல வாசித்தேன். "அதில் பொய் அதிகம் இல்லை." எவ்வளவு பொய் என்று அளந்தா பார்த்தீர்கள்?

யார் பிரித்து வாசித்தாலும் வாசிக்கட்டும். நான் எழுதப்போகிறேன். அன்று நீங்கள் கதவுக்குப் பின்னால் இருந்தீர்கள். கதவுக்கு முன்னால் நடந்ததை நான் உங்களிடமோ வேறு யாரிடமோ சொன்னதில்லை.

பதினைந்து இருபது பேர் வந்தார்கள். சிலரை எனக்குத் தெரியும். ஒருவனுடைய தங்கைக்கு நான் கொன்வென்டில் கணக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆகையால் அவன் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டான். பக்கத்து வீட்டு எழுதுநர், அதாவது நீங்கள், எங்கே என்று சிங்களத்தில் கேட்டான். தெரியாது என்றேன். உள்ளே பார்க்க வேண்டும் என்றான். மற்றொருவன் மூக்கை உறிஞ்சி, "டீச்சர் உள்ளுக்கு என்னமோ காய்ச்சுறாங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு நான், "காய்ச்சலீங்க, வைன். குடிச்சுப் பார்க்கிறீங்களா?" என்று கேட்டேன். உள்ளே போய்ப் போத்தல்களை எடுத்துவந்து விறாந்தையில் வைத்தேன்.

முதலில் சும்மா வைன்தான் கொடுத்தேன். அவர்களுடைய தலைவன் ஒரு வாய் குடித்துவிட்டுப் பூச்சாடியில் துப்பினான். "இது பிள்ளைகளுக்குக் குடுக்கிற தண்ணி. பழசு இல்லையா?" என்றான். பழசையும் கொடுத்தேன். எழுபத்தொன்பது, எழுபத்தேழு, கடைசியாக எழுபத்துநாலு. அரை மணித்தியாலம் நின்றார்கள். தலைவன் எழுபத்துநாலைக் கிளாசில் ஊற்றி, வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, ஒரு மிடறு வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, "ஹரி ரசய், டீச்சர்" என்றான். நல்ல ருசி என்றான்.

சேர், அந்த ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கையில் வாளோடு நின்றவன் என் வைனை நல்லது என்று சொன்னதும் என் உள்ளம் குளிர்ந்தது. அதற்குப் பிறகு அவர்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுக்கொண்டு ஒழுங்கையின் உட்பக்கம் போனார்கள். கொஞ்ச நேரத்தில் புகை தெரிந்தது.

பாவசங்கீர்த்தனத்தில் வைன் கொடுத்ததைச் சொன்னேன். உயிரைக் காப்பாற்றக் கொடுத்தது பாவம் இல்லை என்று ஃபாதர் சொன்னார். சந்தோஷப்பட்டதை நான் சொல்லவில்லை. இப்போது உங்களுக்குத்தான் முதன்முதலாகச் சொல்கிறேன்.

மறுநாள் அகதிகளை வைத்திருந்த பாடசாலை முகாமுக்கு உங்களுக்குச் சட்டையும் பாணும் கொண்டு வந்தேன். நீங்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டீர்கள். நான் கொடுத்த வெறியில்தான் அந்த வீடுகள் எரிந்தன என்று என்னை வெறுத்துவிட்டீர்கள் என நினைத்துக்கொண்டு திரும்பினேன். இன்றுவரை அப்படித்தான் நினைக்கிறேன். அதன் பிறகு ஒரு பழத்தையும் நான் ஜாடியில் போடவில்லை.

நீங்கள் என்னை வெறுக்கலாம். ஆனால் அன்று நான் கதவைப் பூட்டிக்கொண்டு இருந்ததாக எழுதச் சொல்ல உங்களுக்கு உரிமை இல்லை. என் கதவு திறந்திருந்தது. அதனால்தான் நீங்கள் இன்று சைக்கிள் ஓட்டுகிறீர்கள்.

உயிர்த்த ஞாயிறு கழிந்ததும் பாலேஸ்வரிக்கு எழுதுவேன்.

மார்ஜரி

*

நீர்வேலி
19.04.1986

ரீச்சர்,

இந்தக் கடிதத்தை நான்கு தரம் தொடங்கிக் கிழித்தேன். நீங்கள் பாலேஸ்வரிக்கு எழுதிவிட்டீர்களோ தெரியாது. எழுதாவிட்டால், இதை வாசித்த பிறகு எழுதுங்கள்.

"நான் கொடுத்தேன்" என்று பல இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஏன் அப்படி எழுதினீர்கள்? உள்ளே வந்து கதவோரம் நின்று, "என்ன செய்ய, சேர்?" என்று கேட்டீர்கள். "வைனைக் குடுங்கோ, ரீச்சர். அவங்களை உள்ளை விடாதேங்கோ" என்று சொன்னது நான். போத்தல்களைத் தட்டிலிருந்து எடுத்து உங்கள் கையில் தந்ததும் நான். சும்மா வைன் முடிந்து நீங்கள் இரண்டாம் முறை உள்ளே வந்தபோது, பழசில் எழுபத்தொன்பதை முதலில் எடுத்துத் தந்தேன். எழுபத்துநாலைப் பின்னால் தள்ளி வைத்தேன். உயிர் போகிற நேரத்திலும், நல்லதைக் கடைசிவரை விடக்கூடாது என்று என் கை தெரிந்தெடுத்தது. நீங்கள் ஒரு கணம் சந்தோஷப்பட்டதற்கு அழுகிறீர்கள். நான் எதற்கு அழுவது?

ஆனால் நான் சொல்ல வந்தது இதுவல்ல.

பின் அறையில், காற்றுக்காக ஓட்டை விட்ட கல் யன்னல் ஒன்று இருக்கிறது அல்லவா? அதற்கால் பார்த்தால் ஞானத்தின் வீட்டுக் குசினிப்பக்கம் தெரியும். அவங்கள் விறாந்தையில் குடித்துக்கொண்டு நிற்கும்போது ஞானம் பின்வேலிக்கு வந்தான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறுங்காலோடு. என் வீட்டைப் பார்த்துவிட்டு, உங்கள் வீட்டுப் பக்கம் திரும்பி, "தில்லை அண்ணை" என்று கூப்பிட்டான். மெல்லமாகத்தான். நான் அங்கேதான் இருப்பேன் என்று அவனுக்குத் தெரியும். வேறு எங்கே போவேன்?

நான் பேசவில்லை.

இரண்டாம் தரமும் கூப்பிட்டான். எனக்கும் அவனுக்கும் இடையில் பன்னிரண்டு அடி இருக்கும். கையை யன்னலுக்கால் நீட்டிக் காட்டியிருக்கலாம். "வா" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். விறாந்தையில் சிரிப்புக் கேட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டேன். மூன்றாம் தரமும் கூப்பிட்டுவிட்டுக் கொஞ்சநேரம் நின்றான். பிறகு தன் வீட்டுக்குள் போனான். அவங்கள் உங்கள் படியை விட்டு இறங்கியது அதற்குப் பிறகு.

உள்ளே போனவன் வெளியே வரவில்லை. முன்னும் பின்னும் அவங்கள் நின்றார்கள். ஓட்டுக்கூரை விழும்வரை நான் பார்த்துக்கொண்டு இருந்தேன். எரிந்த நான்கு வீட்டுச் சாம்பலையும் ஒன்றாக அள்ளிக்கொண்டு போனார்கள். எது யாருடையது என்று எவரும் கேட்கவில்லை.

முகாமில் நான் உங்களை வெறுத்து முகம் திருப்பவில்லை, ரீச்சர். நீங்கள் கொண்டுவந்த சட்டையைப் போட எனக்குக் கை வரவில்லை. யாழ்ப்பாணம் வந்த மூன்றாம் நாள் பாலேஸ்வரி என் முன் வந்து நின்று, "அண்ணை, உங்களைத் தேடித்தானே வந்தவர்?" என்று கேட்டார். தம்புள்ளை என்று வாயில் வந்துவிட்டது. ஒரு முறை சொன்ன பிறகு அதற்கு மேல் வீடு கட்ட வேண்டியதாயிற்று.

இங்கே என் அண்ணன் தோட்டம் முழுக்கத் திராட்சைக் கொடி. பழம் கறுத்துத் தொங்குகிறது. ஒன்றைப் பிடுங்கி வாயில் வைக்க என்னால் முடியவில்லை.

தில்லையம்பலம்

*

இயேசு மரி சூசை

அலுவிகாரை
06.05.1986

சேர்,

உங்கள் கடிதம் கிடைத்து நான்கு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாளும் உங்கள்மேல் கோபம்தான். இரண்டரை வருடமாக அது முழுக்க என் வைனின் பாவம் என்று நான் சுமக்க, நீங்கள் சுமக்க விட்டீர்கள்.

அவர் கூப்பிட்டது எனக்குக் கேட்கவில்லை. விறாந்தையில் அவ்வளவு சத்தம்.

நீங்கள் பதில் சொல்லியிருந்தால் மூன்று பேரும் செத்திருக்கலாம். அல்லது அவரும் வந்து உங்கள் பக்கத்தில் ஒளித்திருக்கலாம். எனக்குத் தெரியாது. தெரியாததைச் சொல்லி உங்களை நான் ஆறுதல்படுத்த மாட்டேன். உங்களுக்கு அது பிடிக்கவும் பிடிக்காது.

ஆனால் ஒன்று தெரியும். பாலேஸ்வரி ஒவ்வொரு காலையும் கண்ணாடிக்கு முன் நின்று பொட்டு வைக்கிறார். வவுனியாவில் கண்டேன் என்றவரையும் மண்டபத்தில் கண்டேன் என்றவரையும் அவர் நம்பிக்கொண்டிருப்பது, நீங்கள் கண்டதைச் சொல்லாததால்தான். அதை நம்பிக்கை என்று எழுதினீர்கள். அவர் எனக்கு எழுதிய நான்கு பக்கத்திலும் நம்பிக்கை இல்லை, சேர். தூக்கம் இல்லாத ஒரு பெண்தான் இருந்தார்.

நான் அவருக்கு எழுதவில்லை. எழுதவும் மாட்டேன். இது என் வாயால் அவர் கேட்க வேண்டிய விஷயம் இல்லை. போய்ச் சொல்லுங்கள். கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு வராதீர்கள். முன்னால் நின்று சொல்லுங்கள்.

மார்ஜரி

*

சிவமயம்

நீர்வேலி
27.05.1986

மார்ஜரி ரீச்சர் அவர்களுக்கு,

சொல்லிவிட்டேன்.

நேற்றுப் பின்னேரம் போனேன். பிள்ளைகள் ரியூசனுக்குப் போயிருந்தார்கள். பாலேஸ்வரி குசினி வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் வழமைபோல் எழும்பித் தேத்தண்ணி வைக்கப் போனார். வேண்டாம் என்று சொன்னதும் திரும்பவும் இலை உருவ இருந்தார்; நான் நின்றபடியே தொடங்கினேன்.

"தம்புள்ளைக்கு நான் போகேல்லை, பிள்ளை."

அவர் இலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப எங்கை நிண்டனியள்?"

"மார்ஜரி ரீச்சர் வீட்டிலை. பின் அறையிலை."

"அவர் வந்தவரோ?"

"வேலிக்கு வந்தவர்."

"கூப்பிட்டவரோ?"

"கூப்பிட்டவர்."

"எத்தினை தரம்?"

"மூண்டு தரம்."

அப்போதுதான் கை நின்றது. "நீங்கள் பேசேல்லை."

"பேசேல்லை."

விறாந்தையில் அவங்கள் நின்றதையும், வைன் கொடுத்ததையும், கொடுக்கச் சொன்னது நான் என்பதையும் சொன்னேன். அவர் அதையெல்லாம் கேட்டாரோ தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு ஒன்றைத்தான் கேட்டார்.

"உள்ளை போனவர் வெளியிலை வரேல்லையோ?"

"வரேல்லை."

"வடிவாய்ப் பாத்தனியளோ, அண்ணை?"

"கூரை விழுமட்டும் பாத்தனான். வரேல்லை, பிள்ளை."

உருவிய இலையைச் சுளகோடு தூக்கிக்கொண்டு உள்ளே போனார். கிணற்றடியில் வாளி விழுந்த சத்தம் கேட்டது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. திரும்பி வந்தபோது முகம் கழுவியிருந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. கையில், நான் இரண்டரை வருடமாக எழுதி எழுதி நிரப்பிக் கொடுத்த அந்தக் கோப்பு.

"நாளைக்குச் சமாதான நீதவானிட்டை வாங்கோ. இப்ப சொன்னதை அங்கை சொல்லிக் கையெழுத்துப் போடுங்கோ. மரண அத்தாட்சிக்குக் கண்ட சாட்சி வேணுமாம். அதுக்குப் பிறகு இந்தப் படலையை நீங்கள் திறக்க வேண்டாம்."

இன்று காலை போய்ச் சத்தியக் கடதாசியில் கையெழுத்துப் போட்டேன். அவர் பக்கத்துக் கதிரையில் இருந்தார். என் பக்கம் பார்க்கவில்லை. வெளியே வந்து அவருடைய தம்பியின் சைக்கிளில் ஏறிப் போனார். மூத்தவள் வழியில் என்னைக் கண்டு, "பெரியப்பா, இண்டைக்கு வரேல்லையோ?" என்று கேட்டாள். வேலை இருக்கிறது என்று சொன்னேன். அவ்வளவு உண்மை சொன்ன பிறகும் வாய் பொய்தான் சொல்கிறது.

நீங்கள் போகச் சொன்னது சரி. எனக்கு அதனால் பாரம் குறையவில்லை. குறைய வேண்டும் என்றும் நான் போகவில்லை.

தில்லையம்பலம்

*

இயேசு மரி சூசை

அலுவிகாரை
12.07.1986

தில்லையம்பலம் சேர் அவர்களுக்கு,

பாலேஸ்வரி இங்கே வந்து போனார். நீங்கள் அறிய வேண்டியதால் நடந்தபடியே எழுதுகிறேன்.

மரணத்தைப் பதிவது நடந்த இடத்தில்தான் என்றார்களாம். தம்பியைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் இரண்டு நாள் வந்திருக்கிறார். முத்தலிப் நானா வீட்டில் தங்கத்தான் எண்ணம். ஆனால் போகிற வழியில் என் படியில் ஏறி நின்று, "ரீச்சர், நான் பாலேஸ்வரி" என்றார். தெரியாதா எனக்கு? மெலிந்து போயிருந்தார். இரண்டு நாளும் என்னோடுதான் இருந்தார். காலையில் கந்தோருக்குப் போய் அலுவலை முடித்தார். அத்தாட்சி கிடைத்தது. நுரைபோல மெல்லிய ஒரு கடதாசி.

அதன் பிறகு அந்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். கூட்டிக்கொண்டு போனேன். அங்கே இப்போது ஒருவர் மரக்காலை போட்டிருக்கிறார். பலகை அடுக்கியிருக்கிறது. கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, உங்கள் வேலிப்பக்கம் நடந்துபோய், அங்கிருந்து என் பின் அறை யன்னலைப் பார்த்தார். அடி வைத்து எண்ணினார். நீங்கள் பன்னிரண்டு என்று எழுதினீர்கள். அவருடைய காலுக்குப் பதினான்கு.

பின்னேரம் மேசையில் இருந்துகொண்டு கேட்டார்: "இவர் இஞ்சை வந்து என்னதான் செய்யிறவர், ரீச்சர்?"

உங்கள் ஏப்ரல் கடிதம் கிடைத்த கிழமை நான் இரண்டு அன்னாசி வாங்கி ஜாடியில் போட்டிருந்தேன். ஏன் போட்டேன் என்று எனக்கே விளங்கவில்லை. சீனியும் தண்ணீரும் ஈஸ்டும் போட்டு மூடிய பிறகுதான், மூன்று வருடத்துக்குப் பிறகு செய்கிறேன் என்று நினைவு வந்தது. பழசு இந்த வீட்டில் ஒரு துளியும் இல்லை. எல்லாம் அன்றே போய்விட்டது. ஆகவே அன்னாசியை எடுத்து வைத்தேன். கடதாசி சுற்றினேன், இலக்கம் போட்டேன், பாண் வெட்டினேன். வாயில் வைத்து நாக்கின் இரண்டு பக்கமும் படும்படி புரட்டி, விரும்பினால் துப்ப வேண்டும் என்று சொன்னேன். ஒரு வைனுக்கு எதற்கு இலக்கம் என்று அவர் கேட்கவில்லை.

அவர் கிளாசைத் தூக்கி மணந்து பார்த்தார். பயந்த மாதிரி ஒரு மிடறு எடுத்தார். விழுங்கினார். கிளாசை மேசையில் வைத்தார்.

"இதுக்கோ, ரீச்சர்?" என்றார். "இதுக்கோ நான் சண்டை பிடிச்சனான்?"

பிறகு சொன்னார். அந்த ஜூலை மூன்றாம் சனிக்கிழமை ஞானசுந்தரம் சேர் இங்கிருந்து வைன் மணத்தோடு வந்தாராம். பெண்பிள்ளைகள் வளருகிற வீட்டில் இது என்ன பழக்கம் என்று கேட்டுப் பெரிய வாய்த்தர்க்கம். அன்றிலிருந்து செவ்வாய்க்கிழமைவரை பத்து நாள் பாலேஸ்வரி முகம் கொடுத்துப் பேசவில்லையாம். சோற்றைப் போட்டு மேசையில் வைத்துவிட்டுப் போய்விடுவாராம். வானில் ஏறும்போதும் ஞானசுந்தரம் சேர்தான், "நீங்கள் போங்கோ, நான் வாறன்" என்று சொல்லியிருக்கிறார். பாலேஸ்வரி பதில் சொல்லவில்லை. பிள்ளைகளின் பையைச் சரிசெய்கிற மாதிரிக் குனிந்துகொண்டாராம்.

சொல்லிக்கொண்டு வந்தவர் சட்டென்று நிறுத்தி, "வாய் திறக்கேல்லை, ரீச்சர். நானும்தான் திறக்கேல்லை" என்றார். அதற்குமேல் அழ விட்டேன்.

எல்லாம் அடங்கிய பிறகு என்னுடையதையும் சொன்னேன். அந்தத் தலைவன் ருசி என்று சொன்னபோது எனக்குச் சந்தோஷமாக இருந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்கவும் செய்தேன். அவர் என் கையைத் தட்டிவிடவும் இல்லை, பிடிக்கவும் இல்லை.

"அவங்கள் உங்கடை விறாந்தையிலை நிண்ட அந்த அரை மணித்தியாலத்திலைதான் முத்தலிப் நானா வந்து எங்களை ஏத்தினவர். நேற்று அவரிட்டை நேரத்தைக் கேட்டனான். அவங்கள் நிக்காமல் நேரை வந்திருந்தால் என்ரை ரெண்டு பிள்ளையளும் இல்லை. அந்தக் குடியிலைதான் அவங்கள் அவ்வளவு வெறிச்சுப்போய் வந்ததும். ரெண்டும் உண்மை. ஒண்டை வைச்சுக்கொண்டு மற்றதை எறிய என்னாலை ஏலாது, ரீச்சர். நீங்களும் எறியாதேங்கோ."

அதைச் சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். ஞானசுந்தரம் சேர் எப்போதும் பிழையாகச் சொல்லுவார் என்றேன். அன்னாசியைக் குடித்து எழுபத்துநாலு என்பார் என்றேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே, "அவருக்குப் பருப்புக்கும் சாம்பாருக்கும் கூட வித்தியாசம் தெரியாது" என்றார்.

மறுநாள் பஸ் ஏறும்போது உங்களைப் பற்றிப் பேசினார். அவர் சொன்ன சொற்களையே எழுதுகிறேன்:

"தில்லையம்பலம் அண்ணையை நான் மன்னிக்கேல்லை. அதை அவருக்குச் சொல்லுங்கோ. ஆடியிலை பூரணை கழிஞ்ச துவிதியை இவரின்ரை திதி. இந்த வருசம்தான் முதன்முதலாய்ச் செய்யப்போறம். கடைசியாய்க் கண்டவர் அண்ணைதான். வரட்டும். என்னோடை கதைக்க வேண்டாம். வந்து ஒரு பிடி சாப்பிட்டிட்டுப் போகட்டும்."

போங்கள், சேர். உங்களுக்கு இனிமேல் கேட்காதது போல இருக்க முடியாது.

மார்ஜரி

*

சிவமயம்

நீர்வேலி
24.07.1986

மார்ஜரி ரீச்சர் அவர்களுக்கு,

நேற்றுத் திதி. போனேன்.

கீரிமலையில் கடமை முடித்துவிட்டுப் பதினொரு மணிக்கெல்லாம் வந்துவிட்டார்கள். நான் படலைக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திறக்க வேண்டாம் என்று சொன்ன படலை அல்லவா? அவருடைய தம்பி கண்டு, வந்து திறந்துவிட்டார். பிள்ளைகள் இருவரும் வெள்ளைச் சட்டையோடு நின்றார்கள். அவர்களுக்குச் சொல்லிவிட்டார்கள் என்று முகத்தில் தெரிந்தது. பெரியப்பா என்று கூப்பிடவில்லை. சின்னவள் மட்டும் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து காலடியில் வைத்தாள்.

ஞானத்தின் படம் வைத்திருந்தார்கள். கல்யாணப் படத்திலிருந்து வெட்டி எடுத்தது. தோளில் பாலேஸ்வரியின் சேலைக்கரை கொஞ்சம் தெரிந்தது. நான் அதற்கு முன்னால் நின்று, அன்று சொல்லாததைச் சொன்னேன். "இஞ்சை நிக்கிறன், ஞானம்" என்றேன். எல்லாருக்கும் கேட்டது.

பந்தியில் கடைசி இலை எனக்கு. தம்பி பரிமாறினார். பாலேஸ்வரி குசினிப்பக்கம் நின்றார், என் பக்கம் வரவில்லை. சாப்பிட்டிட்டுப் போகச் சொன்னது அவர் என்பதால் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். மற்றவர்கள் எழும்பிவிட்டார்கள். நான் என் இலையை மடித்து, எடுத்துக்கொண்டு போய்ப் போடுவதற்காகக் குனிந்தேன்.

பாலேஸ்வரி வந்து பக்கத்தில் நின்றார்.

"வையுங்கோ" என்றார்.

வைத்தேன். அவரே குனிந்து என் எச்சில் இலையை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

தில்லையம்பலம்